உலையில் இரும்பைப் பற்றவைக்க வெங்காரத்தைப் பயன்படுத்தும் முறை

உலையில் வெண்மஞ்சள் நிறம் வரும் வரை காய்ச்சிய இரண்டு இரும்புத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சுத்தியலால் அடித்து ஒரே துண்டாக்குவதே மின்சாரமும் வாயு உருளையும் வருவதற்கு முன்பு கொல்லர்கள் கையாண்ட பற்றவைப்பு முறை. தஞ்சாவூரில் பீரங்கி மேட்டின்மீது கிடக்கும், ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளமுள்ள நாயக்கர் காலப் பீரங்கியும் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் இவ்வாறு காய்ச்சி அடித்துச் சேர்த்துச் செய்யப்பட்டதுதான். இன்று இதைப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பொடியை, அதாவது எந்த இளக்கியை (flux), தூவ வேண்டும் என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்விக்குள், பொடிதான் ஒட்டவைக்கிறது என்ற எண்ணமும் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. நான் முதன்முதலில் பற்றவைத்த துண்டு வெளியிலிருந்து பார்க்க ஒரே உடலாகத் தெரிந்தது. குறட்டில் பிடித்து முறுக்கியபோது வாழைப்பூ மடல்போலப் பிரிந்துகொண்டது. பிரிந்த இரு முகங்களிலும் நான் தூவிய வெங்காரம் (போராக்ஸ்) கறுப்புக் கண்ணாடியாக உறைந்திருந்தது. தூவியது போதவில்லை என்று கருதி அடுத்த முறை இரு மடங்கு தூவினேன், அதுவும் பிரிந்தது. உள்ளே போன பொடி வெளியே வருவதற்கு நான் வழியே விடவில்லை என்பது புரிய மேலும் சில துண்டுகள் வீணாயின.

இளக்கி செய்யும் வேலை

சுத்தமான இரண்டு இரும்பு முகங்கள் போதிய சூட்டில், இடையில் வேறு எதுவும் இல்லாமல் நெருங்கித் தொட்டால் அவை தாமாகவே ஒன்றிவிடும். அதற்கு இரும்பு உருக வேண்டிய தேவையில்லை. தடையாக நிற்பது காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுச் சூடான இரும்பின்மேல் படியும் ஆக்சைடுச் செதில். இந்தச் செதிலில் எளிதில் உருகும் வகைகூட ஏறத்தாழ 1,370 டிகிரி செல்சியசில்தான் உருகும். மற்ற வகைகள் இரும்பின் உருகுநிலையான 1,538 டிகிரியையும் தாண்டியே உருகும். நாமோ குறைந்த கார்பன் இரும்பை 1,250 முதல் 1,350 டிகிரி வரையிலும், கார்பன் மிகுந்த எஃகை அதற்கும் கீழே 1,100 முதல் 1,200 டிகிரி வரையிலும் வைத்தே பற்றவைக்கிறோம். ஆகவே பற்றும் சூட்டில் இரும்பு இளகியிருந்தாலும் அதன்மேல் உள்ள செதில் இளகாமல் ஓடுபோல இறுகியே இருக்கும்.

நீர் நீங்கிய வெங்காரம் 743 டிகிரியில் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி, இரும்பின்மேல் பரவிச் செதிலைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. இவ்வாறு உண்டாகும் கசடு நீர்மமாக இருப்பதால் அடி விழும்போது வழிந்து ஓட முடிகிறது. அதுவரை இரும்பை மூடியிருப்பதால் புதிய செதில் படிவதும் குறைகிறது. செதிலைக் கரைப்பதும் காற்றை மறைப்பதும் தவிர இளக்கிக்கு வேறு வேலை இல்லை. அது முடிந்த பிறகும் உள்ளே தங்கும் ஒவ்வொரு துளியும் பற்றாத இடமாகவே மிஞ்சும். பொடியின் அளவு, துண்டுகளின் முக வடிவம், அடிக்கும் வரிசை ஆகிய மூன்றையும் இந்த ஒரே கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வெங்காரத்தைத் தயார் செய்தல்

வெங்காரம் நாட்டு மருந்துக் கடையிலும், பொற்கொல்லர்களுக்கான பொருள்கள் விற்கும் கடையிலும் கிடைக்கும். வெள்ளைக் கட்டியாக இருக்கும் படிகாரத்தை இதனோடு மாற்றிக்கொள்வது நடக்கக்கூடிய பிழை. இரண்டும் சூடு பட்டால் பொரிந்து பொங்கும் என்பதால் பொங்குவதை மட்டும் வைத்து இனங்காண இயலாது. பழுத்த இரும்புத் துண்டின்மேல் ஒரு சிட்டிகை போட்டால், வெங்காரம் பொங்கி அடங்கியபின் தெளிந்த கண்ணாடித் துளியாக உருகும், படிகாரம் வெள்ளைப் பொருக்காகவே நிற்கும். கேரம் பலகையில் தூவும் பொடி பெரும்பாலும் போரிக் அமிலம். வெங்காரத்தோடு சிறிதளவு போரிக் அமிலம் கலந்து பயன்படுத்துகிறவர்கள் உண்டு என்றாலும், பழகுகிறவர் வெங்காரம் ஒன்றோடு நிற்பது நல்லது.

கடையில் வாங்கும் வெங்காரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அதை அப்படியே தூவினால் நீர் ஆவியாகும் வேகத்தில் பொடி நுரைத்துப் பொங்கி, தேவையான இடத்தை விட்டு உலைக்குள் உதிர்ந்துவிடும். துண்டை அசைக்காமல் பொறுமையாக வைத்திருந்தால் அதைக் கொண்டும் வேலை செய்ய முடியும், ஆனால் எரிச்சல் மிஞ்சும். சித்த மருத்துவத்தில் வெங்காரத்தைச் சுத்தி செய்யச் சட்டியிலிட்டுப் பொரித்தெடுப்பார்கள். பட்டறைக்கும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டும். சமையலுக்கு இனிப் பயன்படாத ஒரு பழைய இரும்புச் சட்டியில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, பொங்கி எழுந்து பொரியாகி, மேலும் ஆவி வராத நிலை வரும் வரை வறுத்து, ஆறியதும் இடித்துச் சலித்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் உடனே மூடி வைக்க வேண்டும். நூறு கிராம் போட்டால் ஐம்பத்து மூன்று கிராம் அளவுக்குத் திரும்பக் கிடைக்கும். திறந்து வைத்தால் பொடி மீண்டும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் இது விரைவாகவே நடக்கும். வறுக்கும்போதும் இடிக்கும்போதும் தூசியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் அணிவதும், பாத்திரத்தின்மேல் பெயர் எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பதும் அவசியம். பார்ப்பதற்கு அது தூள் உப்பைப் போலவே இருக்கும்.

மணலைத் தூவியே வேலை செய்த கொல்லர்களைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதில் பிழை இல்லை. மணலில் உள்ள சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் இரும்பு ஆக்சைடோடு சேர்ந்தால் அக்கலவை 1,200 டிகிரியை ஒட்டியே உருகிக் கசடாகிவிடுகிறது. பழங்கால இரும்பின் உள்ளேயே இத்தகைய கசடு இழை இழையாக இருந்தது. கூடுதலான சூட்டையும் அவ்விரும்பு தாங்கியது. அதனால் அதற்கு மணலே போதுமானதாக இருந்தது. ஜப்பானிய வாள் கொல்லர்கள் எஃகை மடித்துப் பற்றவைக்கும்போது வைக்கோல் சாம்பலையும் களிமண் குழம்பையும் பூசுவதன் அடிப்படையும் இந்தச் சிலிக்காதான். இன்று நம் கையில் கிடைக்கும் எஃகோ அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கிவிடும் என்பதால், வெங்காரத்தை முதன்மையாகக் கொள்வதே பொருத்தம். சிப்பித் தூளும் உப்பும் கலந்த கடற்கரை மணலை எந்த நிலையிலும் பயன்படுத்த வேண்டாம்.

வெங்காரத்தோடு இரும்புத் தூள் கலப்பவர்களும் நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) கலப்பவர்களும் இருக்கிறார்கள். நவச்சாரம் சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். வீட்டுப் பட்டறைக்கு அது வேண்டாத தொல்லை. ஃபுளோரைடு கலந்த இளக்கிகள் குரோமியம் மிகுந்த எஃகின் பிடிவாதமான செதிலைக் கரைக்க உதவும் என்றாலும், அவற்றின் புகை நச்சுத்தன்மை உடையது. நல்ல புகைபோக்கி இல்லாத இடத்தில் அவற்றைத் தொடவே கூடாது.

நெருப்பு

நெருப்பு சரியில்லாமல் பற்றவைப்பு தோற்றுவிட்டு, பழி வெங்காரத்தின்மேல் விழுவது வழக்கம். மரக்கரியோ கோக் கரியோ எதுவானாலும், ஊதுகுழாயின் வாய்க்கும் இரும்புக்கும் இடையே ஒரு சாண் அளவுக்காவது தணல் இருக்க வேண்டும். துருத்தியிலிருந்தோ விசிறியிலிருந்தோ வரும் காற்றின் ஆக்சிஜன் அந்தத் தணலைக் கடப்பதற்குள் எரிந்து தீர்ந்தால்தான் இரும்பைச் சுற்றி நிற்கும் காற்று செதிலை வளர்க்காமல் இருக்கும். தணல் ஆழம் குறைந்து காற்று நேராக இரும்பில் பட்டால் எவ்வளவு வெங்காரம் தூவினாலும் ஈடுகொடுக்காது. நிலக்கரி பயன்படுத்தினால் அது புகை நீங்கிக் கோக்காக மாறும் வரை காத்திருக்க வேண்டும். அடியில் கட்டித்த கசடு இருந்தால் தொடங்குவதற்கு முன்பே தோண்டி எடுத்துவிட வேண்டும்.

எரிவாயு உலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உருகிய வெங்காரம் இரும்பின் செதிலைக் கரைப்பதுபோலவே உலையின் உட்சுவரையும் கரைக்கும். பீங்கான் இழைப் பஞ்சால் ஆன உறைமேல் அது சொட்டினால், தண்ணீர் பட்ட பஞ்சு மிட்டாய்போலக் குழி விழுந்துவிடும். அலுமினா மிகுந்த காப்புத் தட்டு ஒன்றைத் தளத்தில் போட்டு, அது அரிக்கப்பட்டபின் மாற்றிக்கொள்வதே எளிய வழி. எரிவாயுவின் அளவைச் சற்றுக் கூட்டி வைத்தால் உள்ளே ஆக்சிஜன் மிஞ்சாது. ஆனால் அந்த நிலையில் கார்பன் மோனாக்சைடு அதிகம் வெளிவரும் என்பதால் காற்றோட்டம் இல்லாத அறையில் வேலை செய்யக் கூடாது.

மடித்துப் பற்றவைத்துப் பழகுதல்

தனித்தனி இரண்டு துண்டுகளைக் கையாள்வதைவிட ஒரே பட்டையை மடித்து அதன்மேலேயே பற்றவைப்பது பழகுவதற்கு எளிது. துண்டுகள் நழுவாது, ஒரு கை போதும். 25 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள சாதாரண இரும்புப் பட்டை இதற்கு ஏற்றது. துத்தநாகம் பூசிய இரும்பாக இருக்கக் கூடாது, அதன் புகை காய்ச்சலை வருவிக்கும். ஒட்ட வேண்டிய இரண்டு முகங்களையும் அரத்தால் தேய்த்துத் துருவும் செதிலும் நீங்கப் பளபளப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து முகத்தின் வடிவம். தட்டையான இரண்டு முகங்களோ, நடுவில் குழிந்த முகங்களோ சேர்ந்தால் ஓரங்கள் முதலில் ஒட்டிக்கொண்டு கசடை உள்ளே சிறைவைத்துவிடும். ஆகவே ஒட்டும் முகம் நடுவில் சற்றே புடைத்து, விளிம்பை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அப்போது நடுப்பகுதி முதலில் தொட்டு, கசடு எல்லாப் பக்கங்களிலும் வெளியே பிதுங்கும். மடிக்கும் பட்டையில் இந்தப் புடைப்பு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் இருந்தால் போதும். இரண்டு தண்டுகளை முனைக்கு முனை சேர்ப்பதானால் முதலில் முனைகளைக் காய்ச்சிக் குத்திப் பருக்க வைத்து, பிறகு புடைத்த சாய்வாக அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்கும்போது மெலிவதற்கான சதை அந்தப் பருமனிலிருந்துதான் கிடைக்கும்.

பட்டையை மடித்து, இடையில் ஒரு நாணயம் நுழையும் அளவு இடைவெளி விட்டு உலையில் வைக்கவும். செக்கச் சிவந்த நிறம், அதாவது ஏறத்தாழ 800 டிகிரி வந்ததும் வெளியே எடுத்துக் கம்பித் தூரிகையால் இரண்டு முறை இழுத்துத் துடைத்து, வெங்காரத்தை இடைவெளிக்குள்ளும் ஓரங்களிலும் தூவ வேண்டும். அதற்கு முன்பே தூவினால் பொடி உருகாமல் உதிரும். நிறம் மஞ்சளாகும் வரை தாமதித்துத் தூவினால் அதற்குள் தடித்த செதில் படிந்துவிடும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவியதுபோல முகம் முழுதும் மெல்லிய பூச்சாகப் பரவும் அளவே தேவை. அதற்கு மேல் தூவியது உலைக்குள் சொட்டிச் சாம்பலோடு சேர்ந்து பசைபோல இரும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு மடிப்பை மெதுவாகத் தட்டி மூடி, மீண்டும் தணலின் நடுவில் வைத்து, காற்றைக் கூட்டாமல் நிதானமாகச் சூடேற்ற வேண்டும். வேகமாக ஊதினால் வெளிப்புறம் கருகும்போது உட்புறம் இன்னும் சிவப்பாகவே இருக்கும். இடையிடையே துண்டைத் திருப்பிவிட வேண்டும்.

பற்றும் சூட்டை அறிய நிறத்தை மட்டும் நம்புவது கடினம். வெயில் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். வெங்காரத்தில் உள்ள சோடியம் சூட்டில் எழுப்பும் மஞ்சள் ஒளியும் கண்ணைக் குழப்பும். ஆகவே உலையை நிழலில் வைத்துக்கொண்டு, மேற்பரப்பின் இயல்பைக் கவனிக்க வேண்டும்: இளக்கி உருக்கிய நெய்போலப் பளபளத்து, இரும்பின்மேல் நிற்காமல் ஓடி, இலேசாகக் கொதிப்பதுபோல நெளியும், இரும்பும் அதைச் சூழ்ந்த தணலும் ஏறத்தாழ ஒரே நிறமாகிவிடும். மத்தாப்பூபோலப் பொறிகள் வெடித்துச் சிதறினால் இரும்பு எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். குறைந்த கார்பன் இரும்பில் ஓரிரு பொறி தோன்றுவதைப் பொறுத்துக்கொள்ளலாம்; எஃகில் பொறி பறந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

சூடு வந்ததும் எடுப்பது, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையின் விளிம்பில் ஒருமுறை தட்டி ஒட்டியிருக்கும் கரியையும் மிகைக் கசடையும் உதறுவது, வைப்பது, அடிப்பது எல்லாம் மூன்று நான்கு நொடிகளுக்குள் முடிய வேண்டும். எனவே பட்டடை உலையிலிருந்து ஓர் எட்டுத் தொலைவிலேயே இருக்கட்டும். சுத்தியலை எங்கே வைக்கிறோம் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து, குளிர்ந்த இரும்போடு இந்த அசைவுகளைச் சில முறை ஒத்திகை பார்த்துக்கொள்வது வெட்கப்பட வேண்டிய செயலன்று. பட்டடை சில்லென்று இருந்தால் அது மெல்லிய துண்டின் சூட்டை நொடியில் குடித்துவிடும். காய்ச்சிய கனத்த இரும்பு ஒன்றைச் சிறிது நேரம் அதன்மேல் வைத்துச் சூடேற்றிக்கொள்ளலாம்.

முதல் அடி மடிப்பின் வளைவை ஒட்டி, நடுவில் விழ வேண்டும். அங்கிருந்து திறந்த முனையை நோக்கியும் ஓரங்களை நோக்கியும் அடிகள் நகர வேண்டும். திறந்த முனையில் தொடங்கினால் கசடு மடிப்புக்குள் முடங்கிவிடும். பலமும் வேண்டாம், இந்தச் சூட்டில் இரும்பு பிசைந்த மாவின் பதத்தில் இருப்பதால், ஒரு கிலோச் சுத்தியலால் விரைவாகவும் உறுதியாகவும் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் மேல்முகம் கீழ்முகத்தின்மேல் வழுக்கிக்கொண்டு விலகும். முதல் சூட்டிலேயே வேலை முடிந்துவிட்டதாகக் கருதாமல், மீண்டும் துடைத்து, ஓரங்களில் சிறிது வெங்காரம் தூவி, அதே சூட்டுக்குக் கொண்டுவந்து இன்னும் ஒருமுறையாவது அடிக்க வேண்டும். சற்று வலுவாக அடிப்பதும் வடிவத்துக்குக் கொண்டுவருவதும் அதற்குப் பிறகுதான்.

முதல் அடியில் உருகிய கசடு எல்லாப் பக்கங்களிலும் பீய்ச்சியடிக்கும். ஒட்டும் முகங்களின் மட்டத்தில்தான் அது பறக்கும் என்பதால் அந்த நேர்க்கோட்டில் யாரும், முக்கியமாகச் சம்மட்டி அடிக்க வந்த உதவியாளர், நிற்கக் கூடாது. தோல் மேலங்கி, பருத்தி உடை, மூடிய காலணி, பக்கவாட்டிலும் மறைப்புள்ள கண்ணாடி ஆகியவை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பாலியெஸ்டர் சட்டைமேல் விழுந்த துளி துணியையும் தோலையும் சேர்த்து உருக்கும். உலையை நெடுநேரம் உற்றுப் பார்ப்பவர்களுக்கு அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் பச்சை நிறப் பற்றவைப்புக் கண்ணாடி தேவை. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி அதற்கு மாற்றாகாது.

கோடாரிக்கு எஃகு வைத்தல்

மடித்துப் பற்றவைப்பது கைவந்தபின், சாதாரண இரும்பால் ஆன கோடாரியின் வாய்க்கு எஃகு வைக்க முயலலாம். வாய்ப்பகுதியை உளியால் பிளந்து, அதற்குள் எஃகுத் துண்டை ஆப்புப்போலச் சீவிச் செருகுவது வழக்கம். இங்கே இரண்டு உலோகங்களின் பற்றும் சூடும் வேறு வேறு. கார்பன் கூடக் கூட எஃகு உருகத் தொடங்கும் வெப்பநிலை குறைந்துகொண்டே போவதால், இரும்பு பற்றும் சூட்டை எட்டுவதற்குள் எஃகு கருகிவிடக்கூடும். எஃகு இரும்புக்குள் செருகியிருப்பது இந்தச் சிக்கலைப் பாதி தீர்க்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு முனையைத் தணலின் மையத்தில் வைக்காமல் இரும்புப் பகுதியை மையத்தில் வைப்பது மீதியைத் தீர்க்கிறது. செருகுவதற்கு முன்பு எஃகின் இரு முகங்களிலும் உளியால் சிறு முட்கள் எழுப்பிக்கொண்டால் முதல் அடி விழும் வரை அது நழுவாது. பிளவு ஆழமாக இருப்பதால் வெங்காரத்தைச் செருகுவதற்கு முன் ஒருமுறையும் செருகியபின் ஒருமுறையும் தூவ வேண்டும். அடிகளோ பிளவின் அடியிலிருந்து வாயை நோக்கி வர வேண்டும்.

எஃகுக்காகப் பலரும் லாரியின் வில் பட்டையை எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றுள் சிலவற்றில் குரோமியமும் சிலவற்றில் சிலிக்கானும் கலந்திருக்கும். குரோமியத்தின் ஆக்சைடை வெங்காரம் எளிதில் கரைப்பதில்லை. பட்டை பற்றாமல் அடம்பிடித்தால் பொடியைக் கூட்டுவதைவிட, தேய்ந்துபோன பழைய அரத்தின் எஃகுக்கு மாறிப் பார்ப்பது பயன் தரும். அரத்தின் பற்களை முழுவதும் தேய்த்து நீக்கிய பின்பே செருக வேண்டும், இல்லாவிட்டால் பள்ளங்களில் கசடு தங்கும். அதில் கார்பன் மிகுதி என்பதால் சூட்டையும் ஒரு படி குறைத்தே பிடிக்க வேண்டும்.

சோதித்தலும் துடைத்தலும்

துண்டு மெல்லக் குளிர்ந்து மங்கிய சிவப்பாகும்போது, நிழலில் பிடித்து ஓரங்களைப் பார்க்கவும். பற்றாத இடத்தில் மேல் இதழ் தனியாக நிற்பதால் அது விரைவில் சூட்டை இழந்து கறுத்த கோடாகவோ திட்டாகவோ தெரியும். நன்றாகப் பற்றிய இடத்தில் நிறம் சீராக மங்கும். அந்தக் கோடு ஓரத்தில் மட்டும் இருந்தால் மீண்டும் காய்ச்சி, வெங்காரம் கொடுத்து அடித்து மூடிவிடலாம். நடுவில் இருந்தால் பெரும்பாலும் உள்ளே கசடு உறைந்திருக்கும், அதை எடுக்க இயலாது. பழகுகிற காலத்தில் ஒவ்வொரு துண்டையும் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தைத் தேய்த்துப் பார்ப்பதோடு, இன்னொரு பாதியைக் குளிர்ந்தபின் பிடிகருவியில் வைத்து வளைத்தும் பார்க்க வேண்டும். மயிரிழைக் கோடுகூட வளைக்கும்போது வாய் பிளந்துவிடும்.

மேற்பரப்பில் ஒட்டிய வெங்காரம் குளிர்ந்தால் கண்ணாடியாக இறுகி, அரத்தின் பல்லையே மழுக்கும். சிவப்புச் சூடு இருக்கும்போதே கம்பித் தூரிகையால் வழித்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சியதைக் கொதிநீரில் சில மணிநேரம் ஊறவைத்துக் கரைக்கலாம். கோடாரிக்குத் துவைச்சல் போடுவதற்கு, அதாவது காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திக் கடினமாக்குவதற்கு, முன்பு இதைச் செய்துவிட வேண்டும், ஏனெனில் கண்ணாடி படிந்த இடத்தில் எஃகு தண்ணீரையோ எண்ணெயையோ நேராகத் தொடாமல் மெதுவாகக் குளிர்ந்து, வாயின் அந்தப் பகுதி மட்டும் இளக்கமாக நின்றுவிடும்.